எட்டாம் நம்பர் மேடும் ஆறு ரோலர்களும்

கெஸியாவின் கெண்டைக்கால் இறுகி வலித்தது. தோள் எரிந்தது. முன்னால் அம்மா ஐவி ஸ்கூட்டரின் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். பின்னால் கெஸியா தள்ளினாள். வண்டி 'ம்ம்ம்' என்று முனகியது. ஏறவில்லை.

மேலே எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து பறிப்பவர்கள் டீக்கும் பன்னுக்கும் காத்திருந்தார்கள். இருவரும் போய்ச் சேர்ந்தபோது இடைவேளை முடிந்துவிட்டது.

"ஐவியம்மா, நாளைக்கும் லேட்டுன்னா ஜீப்புக்காரரை டீ கொண்டுவரச் சொல்லிருவேன். சனம் பசியோட நிக்குதுங்க" என்றார் மேஸ்திரி லிங்கசாமி.

ஒரு மடக்குக் குடித்த சாந்தாமணி அக்கா முகத்தைச் சுளித்தார். "ஏன் ஐவி, டீயில நம்ம அரவேணு ஊருக் குளிரையும் கலந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இந்த டீ வியாபாரம் போனால் வீட்டில் அப்பா சம்பளம் மட்டும்தான்.

சாயங்காலம் கெஸியா அப்பாவிடம் கேட்டாள். "போன வாரம் வரைக்கும் வண்டி ஏறுச்சே. கிளட்ச் பெட்டியில என்னத்தப் போட்டீங்க?"

அப்பா பிராங்ளின் டீ ஃபேக்டரியில் இலை உருட்டும் மெஷினில் வேலை செய்பவர். "பழைய ரோலர் தேஞ்சு போச்சு கண்ணு. நல்ல வெயிட்டா ஆறு வாங்கிப் போட்டேன். வெயிட்டு ஏத்துனாத்தான் எங்க மெஷின்ல இலை சுருளும்."

"இலை மேடு ஏறுமாப்பா?"

அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

கெஸியா யோசித்தாள். கியர் சைக்கிளில் மேடு ஏற, சின்ன கியருக்கு மாற்ற வேண்டும். கால் வேகமாகச் சுற்றும், சைக்கிள் மெதுவாக ஏறும். பக்கத்து வீட்டு ஜஸ்டஸ் அண்ணனிடமும் இதே ஸ்கூட்டர்தான். மேட்டில் அதன் இன்ஜின் வீலென்று கத்தும். ஆனால் ஏறிவிடும்.

"நம்ம வண்டி இன்ஜின் வேகமா சுத்தறதுக்கு முன்னாடியே பெரிய கியருக்குப் போயிருதுப்பா. திறந்து காட்டுங்க."

அப்பா மூடியைக் கழற்றினார். உள்ளே வட்டத் தகடு, அதற்குள் ஆறு ரோலர்கள். இன்ஜின் சுற்றும்போது அவை வெளியே ஓடித் தகட்டைத் தள்ளும். பெல்ட் பெரிய கியருக்கு ஏறும்.

"வெயிட்டா இருந்தா சீக்கிரமே வெளிய ஓடிரும்தானே?" என்றாள் கெஸியா.

அப்பா ஒரு ரோலரை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினார்.

"ஆமா புள்ள. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன். லேசான ரோலருக்கு இப்ப எங்க போறது? கடை சாத்தியிருப்பான்."

கெஸியா அதற்குள் ஜஸ்டஸ் அண்ணன் வாசலில் நின்றாள்.

"என் வண்டியிலிருந்தா?" அவர் தலையைச் சொறிந்தார். "சரி, கழட்டிக்க. நாளைக்கு எனக்கு லீவுதான்."

மறுநாள் பின்சீட்டில் டீ கேனைக் கட்டிப்பிடித்தபடி கெஸியா உட்கார்ந்தாள். எதற்கும் தள்ளலாம் என்று அப்பா பின்னால் ஓடிவந்தார்.

மேடு வந்தது. இன்ஜின் வீலென்று கத்தியது. வண்டி நிற்கவில்லை. வளைவில் திரும்பி, சேற்றை வாரியடித்துக்கொண்டு மேலே ஏறியது.

"அம்மா, ஏறுது! ஏறுது!"

"ஏனுங்க, சீக்கிரம் தள்ள வாங்க!" அம்மா திரும்பிப் பார்த்துக் கத்தினாள். அப்பா இரண்டு வளைவு கீழே, இடுப்பில் கை வைத்து நின்றார்.

லிங்கசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இடைவேளைக்கு இன்னும் விசிலே ஊதலீங்களே!"

டீயில் ஆவி பறந்தது. சாந்தாமணி அக்கா நாக்கைச் சுட்டுக்கொண்டார். "நாளைக்கும் நீயே வந்துரு ஐவி" என்றார்.

கெஸியா ஒரு பன்னை எடுத்துக் கடித்தாள். கீழே ஜஸ்டஸ் அண்ணன் வண்டி திறந்தபடியே நிற்கிறது. அவருக்கு ஆறு ரோலர் தர வேண்டும்.