ஹாக்கி இடைவேளையில் வந்த கப்பல்

சனிக்கிழமை காலை ஓக்கோ ஒரு சின்னத் திருப்புளியோடு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். முகம் வாடிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவன் தங்கை சைமி கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னடா பண்றே?"

"டியூனர் செத்துப்போச்சு. டிவியே வரல. புதன்கிழமை கீழே போட்டேன்ல, அதுதான். கழட்டிப் பார்க்கப் போறேன்."

டியூனர் என்பது கட்டைவிரல் அளவுக் கருவி. அதைக் கணினியின் யூ.எஸ்.பி துளையில் செருகி ஆன்டெனா ஒயரை மாட்டினால் கணினியிலேயே டிவி பார்க்கலாம். வீட்டிலிருந்த டிவி போன வருடமே கண்ணை மூடிவிட்டது. அன்று மாலை ஐந்து மணிக்குப் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் பனி ஹாக்கி ஆட்டம். சுவீடனோடு ஆட்டம் என்றால் ஓக்கோவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

டியூனர் சாகவில்லை என்று சைமிக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்காவிட்டால் பழி அண்ணன் தலையில்தான் விழும். திருப்புளி மூடியைத் தொட்டதும் அவளால் தாங்க முடியவில்லை.

"கழட்டாதடா! அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் டிவி வராம பண்ணேன்."

விஷயம் இதுதான். அதே டியூனரால் கப்பல்களையும் கேட்க முடியும். ஒவ்வொரு கப்பலும் தன் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகும். அவற்றை வரைபடத்தில் புள்ளிகளாக வரவழைக்கச் சைமி கற்றுக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு சென்டிமீட்டர் கம்பி வெட்டி, பால்கனியில் கட்டி, தனி ஆன்டெனாவே செய்துவிட்டாள்.

அவள் அப்பா 'நாலி' என்ற பனி உடைக்கும் கப்பலில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். மூன்று வாரம் கடலில் இருந்துவிட்டு அன்று மாலைதான் அவர்கள் ஊரான ஊலுவின் துறைமுகத்துக்கு வருகிறார். அப்பா வீடு நோக்கி வருவதைத் தன் வரைபடத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் சைமி இரண்டு மாதமாகப் பாடுபட்டாள்.

ஆனால் கணினிக்குள்ளே ஒரு தகராறு. கருவிகளையெல்லாம் கட்டி மேய்க்கும் பகுதிக்குக் கர்னல் என்று பெயர். அதில் ஒவ்வொரு கருவிக்கும் டிரைவர் என்ற ஒரு சின்ன நிரல் உண்டு. கருவியைச் செருகியதும் அது தன் எண்ணைச் சொல்லும். எந்த டிரைவரிடம் அந்த எண் இருக்கிறதோ, அது ஓடி வந்து கருவியைப் பிடித்துக்கொள்ளும். இந்த டியூனரின் எண் டிவி டிரைவரிடமும் இருந்தது, கப்பல் டிரைவரிடமும் இருந்தது. டிவி டிரைவர்தான் எப்போதும் முந்திக்கொள்ளும். கப்பல் டிரைவர் போய்க் கேட்டால் 'கருவி பயன்பாட்டில் உள்ளது' என்று பதில் வரும்.

வியாழக்கிழமை சைமிக்குப் பொறுமை போய்விட்டது. டிவி டிரைவரின் பெயரைத் தடைப் பட்டியலில் எழுதிவிட்டாள். அதன்பின் கர்னல் அதைச் சீண்டவே இல்லை.

"உன் கப்பலுக்காக என் டிவிக்குத் தடையா?" ஓக்கோ திருப்புளியை மேசையில் போட்டான். "நேத்திலேர்ந்து நான் எவ்ளோ பயந்தேன் தெரியுமா? ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்!"

"அதான் சொல்லல."

ஓக்கோ கணினியை இழுத்துத் தன் டிரைவரின் பெயரை அழித்தான். அவளுடைய டிரைவரின் பெயரை எழுதினான். அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சைமி மறுபடி அவனுடையதை எழுதினாள். அரைமணி நேரத்தில் இரண்டு பெயருமே தடைப் பட்டியலில் இருந்தன. டியூனர் கேட்பாரற்றுக் கிடந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ரெண்டு மூஞ்சியும் இப்படியே இருந்தா அப்பா வந்த வழியே கப்பலுக்குப் போயிடுவார். சைமி, கீழே போய்க் காய்ஞ்ச துணியை எடுத்துட்டு வா."

அந்தக் குடியிருப்பின் அடித்தளத்தில், துணி காயும் அறைக்குப் பக்கத்தில், எல்லா வீட்டுக்கும் பொதுவான சௌனா என்ற நீராவிக் குளியல் அறை இருந்தது. கதவில் ஒரு காகிதம் தொங்கியது. அதில் ஒரு பென்சில் நூலால் கட்டப்பட்டிருந்தது. சனிக்கிழமை ஆறு மணி ராந்தனென் வீடு, ஏழு மணி கோஸ்கெலா வீடு, எட்டு மணி சைமியின் வீடு.

துணிக்கூடையோடு சைமி அங்கேயே நின்றாள். ராந்தனெனும் கோஸ்கெலாவும் ஒரு நாய் விஷயமாக மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனாலும் வாராவாரம் ஒருவர் எழுந்து வர, மற்றவர் அதே பலகையில் போய் உட்காருகிறார். யார் பெயரையும் யாரும் அடித்ததில்லை!

அவள் படிகளில் தடதடவென்று ஏறி ஓடினாள்.

முதல் வேலையாகத் தடைப் பட்டியலிலிருந்து இரண்டு பெயரையும் அழித்து, டியூனரைக் கழற்றி மறுபடி செருகினாள். டிரைவரிடம் ஒரு கருவியைப் 'பிடி' என்றும் சொல்லலாம், 'விடு' என்றும் சொல்லலாம் என்று எங்கோ படித்திருந்தாள். கப்பல் டிரைவரிடம் 'பிடி' என்றாள். 'கருவி பயன்பாட்டில் உள்ளது' என்றது கணினி.

"சே! முதல் வீட்டுக்காரங்க இன்னும் வெளியே வரலையே!" என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

முதலில் டிவி டிரைவருக்கு 'விடு', அடுத்து கப்பல் டிரைவருக்குப் 'பிடி' என்று வரிசையாக எழுதினாள். வரைபடத்தில் ஒரு சரக்குக் கப்பல் எட்டிப் பார்த்தது. திரும்பி வருவதற்கும் இதேபோல இரண்டு வரி எழுதிவைத்தாள்.

ஓக்கோ சந்தேகத்தோடு பார்த்தான். "ஆட்டத்துக்கு நடுவுல பிடுங்குவியா?"

"மாட்டேன். ரெண்டு இடைவேளை வருதுல்ல, பதினெட்டு பதினெட்டு நிமிஷம்? அது மட்டும் எனக்கு. அப்ப நீ என்னத்தைப் பார்க்கப் போறே? மூணு மாமா உட்கார்ந்து பேசுவாங்க."

"அப்பாவோட கப்பல் சரியா இடைவேளையிலதான் வருமா?"

"தெரியாது." சைமியின் குரல் இறங்கியது. "வரலைன்னா வரலைதான்."

ஓக்கோவே போய் ஒரு காகிதமும் பென்சிலும் தேடி எடுத்துவந்தான். பென்சிலை நூலால் கணினியில் கட்டினான். சைமி முறைகளை எழுதினாள்.

முதல் இடைவேளையில் ஓக்கோவே ஆன்டெனா ஒயரை மாற்றிக் கொடுத்தான். வரைபடத்தில் இரண்டு சரக்குக் கப்பல்கள் இருந்தன. நாலி இல்லை. நேரம் முடிந்ததும் சைமி சொன்னபடி டிவியைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஆட்டம் கண்ணில் படவே இல்லை. இந்த நேரத்தில் அப்பா கடந்து போய்விட்டால்? பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது இடைவேளை. கோல் இரண்டுக்கு இரண்டு. ஒயர் மாறியது. விடு, பிடி. வரைபடம் வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு புள்ளி வந்தது. பக்கத்தில் பெயரும் வந்தது.

"நாலி!" சைமி கத்தினாள். "அம்மா, ஓடி வா! வேகம் ஒன்பது!"

மூவரும் திரையை மறைத்துக்கொண்டு நின்றார்கள். புள்ளி ஊர்ந்து ஊர்ந்து துறைமுகத்தை நெருங்கியது. அதற்குள் பதினெட்டு நிமிடம் தீர்ந்துபோனது. சைமி விசைப்பலகையில் கை வைத்தாள். அழுகை வரும் போலிருந்தது.

ஓக்கோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இரு. அப்பா இன்னும் நிக்கல."

"டேய், ஆட்டம் ஆரம்பிச்சிருக்கும்டா!"

"ஆரம்பிக்கட்டும்."

ஆறு. மூன்று. ஒன்று. வேகம் பூஜ்யம். கப்பல் கரை சேர்ந்தது.

டிவிக்கு மாற்றியபோது கோல் மூன்றுக்கு இரண்டு. பின்லாந்து முன்னால் இருந்தது. "நான் பார்க்காத நேரமா பார்த்துப் போட்டுட்டாங்களே!" என்று ஓக்கோ தலையில் கை வைத்தான்.

"இனிமே நீ பார்க்காமலே இரு. ஜெயிச்சுக்கிட்டே இருப்போம்," என்றாள் சைமி.

ஜெயித்தும்விட்டார்கள்.

ஏழரை மணிக்கு அப்பா எண்ணெய் வாசனையோடு உள்ளே வந்தார். இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். கணினியில் தொங்கிய காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். முழுக் கதையையும் கேட்டார். பிறகு பல் பதிந்த அந்தப் பென்சிலை எடுத்துக் கடைசியில் ஒரு வரி எழுதினார்:

"8 மணி, அப்பா முறை. டியூனருக்கு ஓய்வு. எல்லாரும் சௌனாவுக்கு."