தும்பிக்கை தூக்கிய எழுத்து

காலை 10.20. அருங்காட்சியகத்தை ஒட்டிய பாரம்பரியப் பூங்காவில், வேறிடத்திலிருந்து பெயர்த்துவந்து நிறுத்திய பழைய ரயில் நிலையம். அங்கே கண்ணாடிப் பெட்டியில் ஸ்டேஷன் மாஸ்டரின் வெள்ளிக் கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அட்டை. 'பழுதுபார்க்கும் வேலைக்காக எடுக்கப்பட்டுள்ளது.'

மூன்று நாளாக எல்லோரும் அதை நம்பியிருந்தார்கள். கடிகாரத்தைக் கொடுத்த குடும்பத்து அம்மாள் இன்று வந்து விசாரித்த பிறகுதான், அது எங்குமே அனுப்பப்படவில்லை என்று தெரிந்தது.

பூட்டு உடையவில்லை. சாவி மூவரிடம். காவலாளி, சுற்றிக்காட்டும் பெண் இருவரும் முப்பதைத் தாண்டாதவர்கள். மூன்றாமவர் காப்பாளர், அடுத்த மாதம் ஓய்வு.

விடுமுறைக்குச் சுற்றிப்பார்க்க வந்திருந்த பெண் போலீஸ் இன்ஸ்பெக்டர் விசாரிக்க முன்வந்து, அட்டையை இரண்டு முறை படித்தார். கணவரோ அலுப்போடு சுவரிலிருந்த பழைய விதிப்பலகையை வாசிக்கப் போய் ஓரிடத்தில் தடுக்கினார்.

"என்னம்மா இது, யானை தும்பிக்கையைத் தூக்கிட்டு நிக்குது?"

"அது அந்தக் காலத்து 'லை' எழுத்து. நாம படிக்கிறதுக்கு முன்னாடியே மாத்திட்டாங்க."

10.45. நான்கு நாளுக்கு முன் மாலை கடிகாரம் இருந்தது, மறுநாள் காலை அட்டைதான் இருந்தது என்றாள் சுற்றிக்காட்டும் பெண். காவலாளி தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். அவர் குடியிருப்பதும் பூங்காவின் பின்கட்டில்தான்.

"வேலை போச்சுன்னா வீடும் போயிரும்மா."

"மூணு நாளா லீவுல இருந்துட்டு இன்னைக்குத்தான் வந்தேன். அட்டையை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார் காப்பாளர். "சதா இங்கயே கிடக்கிறவனை விட்டுட்டு என்னைக் கேக்கிறீங்களே."

புகாரை அவரையே எழுதித் தரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். காப்பாளர் ஆசையோடு ஒரு பக்கம் நிரப்பினார். கடைசி வரி, 'காவலாளியை உடனே வேலைநீக்கம் செய்க.'

11.30. புகாரையும் அட்டையையும் அருகருகே வைத்துக் கணவரை அழைத்தார் இன்ஸ்பெக்டர்.

"ஏங்க, யானை எங்கன்னு காட்டுங்க."

கணவரின் விரல் இரண்டிலும் 'வேலை'யில் போய் நின்றது.

"கையெழுத்து தெரியக் கூடாதுன்னு அட்டையில ஒவ்வொரு எழுத்தையும் பிரிச்சு எழுதினீங்க சார். ஆனா சின்ன வயசுல பழகின லையைக் கை மறக்கல. இவங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல இதை எழுதினதே இல்ல. லீவுக்கு முந்தின சாயங்காலம் கடிகாரத்தை எடுத்தீங்க. இன்னைக்கு இவர் வேலையைப் பறிக்க எழுதின 'வேலை'யே உங்களைக் காட்டிக் கொடுத்துருச்சு. கடிகாரம் எங்க?"

காப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வீட்டு அலமாரியில."

காவலாளி தொப்பியை நீவிவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார்.