ஹைபர்நேட்டில் ஒருவர்

மணிமொழிக்கு மலை ஏறும் பஸ் ஒத்துக்கொள்ளாது. கள்ளக்குறிச்சியில் ஏறும்போதே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். அன்றைக்கும் வளைவுக்கு வளைவு அதை முகர்ந்து, கண்ணை இறுக்கி மூடி, வெள்ளிமலையில் இறங்கியபோது பழத்தில் வாசனை என்று எதுவும் மிச்சமில்லை. வயிறு மட்டும் இன்னும் பஸ்ஸிலேயே இருந்தது.

மழை நின்றிருந்தது. ஆனால் கல்வராயன் மலையில் மழை நிற்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். பட்டப்பகலிலும் பனி இறங்கி, எதிரே இருக்கும் மரத்துக்கு அடிப்பாகம் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து குடையில்லாமல் ஒரு பெண் வந்தாள்.

"அக்கா, சர்வீஸ் கடையிலேர்ந்து வர்றது நீங்கதானே? நான்தான் போன் பண்ணேன். நிர்மலா."

சின்ன வயசுதான். கண்ணுக்குக் கீழே மட்டும் கிழடு தட்டியிருந்தது. நடந்துகொண்டே சொன்னாள். புருஷன் ஜெயப்பிரகாஷ் இங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், போட்டோ. போன மழைக்காலத்தில் போய்விட்டான். எப்படிப் போனான் என்று மணிமொழி கேட்கவில்லை. ரிப்பேர் பார்க்க வந்த இடத்தில் சாவு விசாரிப்பது அவளுக்கு வராது.

சென்டர் ஊர்க்கடைசியில், சாமை காயப்போடும் களத்தைத் தாண்டி இருந்தது. ஒரே ஒரு சிமெண்ட் அறை, பின்னால் ஒரு சிறிய உள்ளறை, முன்னால் இரும்பு ஷட்டர். மெயின் ஸ்விட்ச் வெளிச்சுவரில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. நிர்மலா பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினாள். அது கிறீச்சிட்ட கிறீச்சில் மணிமொழிக்குப் பல் கூசியது.

"உள்ள வா, நிர்மலா."

"நான் இங்கயே நிக்கறேன்க்கா. நீங்க போங்க." செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். "ஆன் பண்ணா எழுந்திருக்கவே ரொம்ப நேரம் ஆவுது. முன்னல்லாம் டக்குனு வரும். அதை மட்டும் பாருங்க. ஷட்டவுன் மட்டும் பண்ணிடாதீங்கக்கா. அவரு என்னிக்குமே பண்ண மாட்டாரு."

அதில் மணிமொழிக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. மலையில் கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். அதனால் மேலே இருப்பவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரை ஹைபர்நேட்டில் போட்டு வைத்திருப்பார்கள். கரண்ட் போய், யூபிஎஸ் தீரும் நேரத்தில், திறந்து கிடக்கும் எல்லாவற்றையும் அப்படியே ஒரு பெரிய ஃபைலில் எழுதி வைத்துவிட்டு மெஷின் அணைந்துவிடும். மறுபடி ஆன் செய்தால் விட்ட இடத்திலிருந்தே எழுந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் பழையதை அழித்துவிட்டு, அந்த நேரத்து நிலைமையை அதன்மேல் எழுதும். கரண்டை நம்பாதவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான்.

அறைக்குள் ஈர வாடை. அதற்கு அடியில் மெல்லிசாக டீசல் வாடை. உள்ளறையை எட்டிப் பார்த்தாள். ஜெனரேட்டர் இருந்த இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஜெனரேட்டர் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். கொஞ்ச நேரம் வெறும் கறுப்பு. ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்தது. பிறகு திரை வந்தது.

போட்டோ எடுக்கும் ஜன்னல் ஒன்று திறந்தபடியே கிடந்தது. மானிட்டர் தலையில் ஒட்டியிருந்த கேமரா, எதிரே உட்காருபவரைக் காட்டும் ஜன்னல். அதில் கோடு போட்ட சட்டையில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அதே நாற்காலி. அவனுக்குப் பின்னால் ஷட்டர் இறங்கியிருந்தது.

பழைய படம், ஹேங் ஆகி நிற்கிறது என்று மணிமொழி நினைத்தாள். கேமரா முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள். படத்தில் கை வரவில்லை. சரி, அதை அப்புறம் பார்ப்போம் என்று டிஸ்க்கைத் திறந்தாள். நினைத்தது சரி. சி டிரைவ் ரத்தச் சிவப்பில் நிரம்பி வழிந்தது.

"இடமே இல்ல நிர்மலா. இந்த ஹைபர்நேட் ஃபைலே பாதியை முழுங்கியிருக்குது. அதை ஆஃப் பண்ணிட்டா போதும், சும்மா பறக்கும்."

"ஆஃப் பண்ணா இன்னா ஆவும்?"

"அந்த ஃபைல் அழிஞ்சிடும். அவ்ளோதான். போட்டோ கீட்டோ எதுவும் போவாது."

"வேணாம்க்கா."

"அட, இதுல ஒண்ணும் இல்ல நிர்மலா. பழைய குப்பை."

கறுப்புத் திரையைத் திறந்து, எத்தனையோ கம்ப்யூட்டர்களில் அடித்த அந்த ஒரு வரிக் கட்டளையை அடிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் படத்தில் இருந்தவன் இருமினான்.

சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கையை மடக்கி வாயில் வைத்துக்கொண்டான்.

மணிமொழி அடிப்பதைப் பாதியில் நிறுத்தினாள். ஹேங் ஆன படம் இருமாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவள். கேமராவுக்கு எதிரே இருப்பது அவள். படத்தில் இருப்பது யார்?

பின்னால் ஷட்டர் கிறீச்சிட்டு இறங்கியது.

படாரென்று தரையில் மோதியது. பூட்டு விழும் சத்தம். வெளிச்சுவரில் மெயின் ஸ்விட்ச் டக்கென்று விழுந்தது. விளக்கு போயிற்று. காலடியில் யூபிஎஸ் பீப் என்றது.

"ஏய்! நிர்மலா! இன்னா பண்ற நீ? தெற!" மணிமொழி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கத்தினாள்.

"மன்னிச்சிடுங்கக்கா." ஷட்டருக்கு அந்தப் பக்கம் அழுகுரல் கேட்டது. "அழிச்சிடாதீங்க. யூபிஎஸ் தீந்தா அதுவே அவரை எடுத்து வச்சிக்கும். அப்புறம் தெறந்துடறேன். சாமி சத்தியமா தெறந்துடறேன்."

"யாரை எடுத்து வச்சிக்கும்?"

"பாத்தீங்கல்ல?"

நிர்மலா ஷட்டரில் வாயை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"அன்னிக்கு சாரல் உள்ள அடிச்சிது. ஷட்டரை இறக்கிவிட்டுக்கினு, ஜெனரேட்டரை உள்ளயே ஓட்டியிருக்காரு. யாரோ புள்ளைக்கு அப்ளிகேஷன் போடணும்னு. நான் மணலூர்பேட்டையில எங்கம்மா வூட்ல இருந்தேன். வந்து பாத்தப்போ ஷட்டர் கிட்ட கெடந்தாரு. தூக்க முடியல போல."

பீப்.

"காரியம் முடிஞ்சி ஒரு நாள் ஆன் பண்ணேன். உக்காந்து வேலை பாத்துக்கினு இருந்தாரு. சிரிச்சிக்கினுகூட இருந்தாரு. மறுநாள் பாத்தா, விட்ட எடத்துலேர்ந்து இருக்காரு. அப்பதான் புரிஞ்சிது. நான் பாக்கற நேரமெல்லாம் அவருக்குக் கழியுது. அதனால கொஞ்சமாத்தான் பாப்பேன்க்கா. ஜாஸ்தி பாத்தா தீந்துடுவாரு. இப்ப இரும ஆரம்பிச்சிட்டாரு. எழுந்து ஷட்டர் கிட்ட போறதுக்குள்ள அணைச்சிடுவேன்."

மணிமொழிக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது. ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி, அதற்கு என்னை ஏன் உள்ளே போட்டுப் பூட்டினாய்?

ஆனால் அதைக் கேட்க மூச்சு வரவில்லை. டீசல் வாடை இப்போது மெல்லிசாக இல்லை.

உள்ளறையில் ஏதோ இழுபட்டது. ஒரு கயிற்றைச் சுண்டி இழுக்கும் சத்தம். இன்னொரு தடவை. பிறகு ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது.

அங்கே ஜெனரேட்டர் இல்லை. அவளே பார்த்தாள்.

தரை அதிர்ந்தது. மானிட்டர் வெளிச்சத்தில் புகை சுருள் சுருளாக வந்தது. படத்தில் ஜெயப்பிரகாஷ் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தள்ளாடினான். திரும்பி ஷட்டரை நோக்கி நடந்தான். இரண்டு கையாலும் அதன் அடிப்பட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

மணிமொழியின் முதுகுக்குப் பின்னால் ஷட்டர் குலுங்கியது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

டமார்.

"அடிக்காதீங்கக்கா! தெறந்துடறேன்னு சொன்னேன்ல!"

டமார். டமார்.

"நான் அடிக்கல நிர்மலா! நான் கம்ப்யூட்டர் கிட்ட நிக்கறேன்!"

வெளியே சாவி குலுங்கியது.

பிறகு நிர்மலா போட்ட கூச்சல் மலைக்கே கேட்டிருக்கும். "என்னாங்க! இருங்க! தோ தெறக்கறேன்! இந்த வாட்டி நான் இங்கயே இருக்கேன்ங்க!" சாவி பூட்டில் இடறுவதும், கீழே விழுவதும், கல்லில் நகம் பிறாண்டித் தேடுவதும் கேட்டது.

உள்ளே காற்று தீர்ந்துகொண்டே வந்தது. மணிமொழிக்குக் கண் எரிந்தது, தலை கிர்ரென்றது. ஜெனரேட்டர் சத்தம் காதை அடைத்தது. இது எல்லாம் அந்த ஃபைலில் இருந்து வருகிறது, அது அழிந்தால் எல்லாம் போய்விடும் என்பது ஒன்றுதான் அவள் மூளையில் ஓடியது. தடவித் தடவிக் கட்டளையின் மிச்சத்தை அடித்தாள். யூபிஎஸ் விட்டு விட்டுக் கத்துவதை நிறுத்திவிட்டு ஒரேயடியாக ஓலமிட்டது. ஹார்ட் டிஸ்க் அரைக்க ஆரம்பித்தது.

ஷட்டரை அடித்துக்கொண்டிருந்த கைகள் ஓய்ந்தன. பின்னால் எதுவோ ஷட்டரோடு சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது.

திரையில் கோடு போட்ட சட்டை தரையோடு கிடந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு உருவம் மங்கலாகத் தெரிந்தது. பச்சைப் புடவை. மணிமொழி கட்டியிருந்ததும் பச்சைப் புடவைதான்.

என்டரை அழுத்தினாள்.

அதே நேரத்தில் திரை அணைந்தது. எது முந்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கும்மிருட்டு. மணிமொழி ஓடிப்போய் ஷட்டரில் மோதினாள். இரண்டு முஷ்டியாலும் அடித்தாள். தோல் கிழிந்தது. அடித்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. திடீரென்று காலடியில் ஒரு கோடு வெளிச்சம் வந்தது. அது அகன்றது. பனியும் குளிர்ந்த காற்றும் உள்ளே வந்தன.

நிர்மலா அவளைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டி அறைக்குள் பார்த்தாள். தரையில் யாருமில்லை. புகையுமில்லை.

"அவரு எங்க?"

"முடிஞ்சிடுச்சும்மா," என்றாள் மணிமொழி. "விட்டுடு. ஆஃப் பண்ணிட்டேன்."

உள்ளே போய் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அவள் வேலையில் அதுதான் முதல் பாடம். ஆனால் அந்த அறைக்குள் மறுபடி கால் வைக்க யாரால் முடியும்? டூல்ஸ் பையைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். இறங்கும் வழி முழுக்க எலுமிச்சம்பழத்தின் ஞாபகமே வரவில்லை.

சின்னசேலத்தில் வீட்டுக்கு வந்து கையைக் கழுவி மருந்து போட்டாள். ஷட்டரில் மாட்டிக்கொண்டது என்று புருஷன் சிவசங்கரிடம் சொன்னாள். காயம் ஆறும் என்று பார்த்தால் ஆறவில்லை. காலையில் காய்ந்திருக்கும். முற்பகலில், கடையில் உட்கார்ந்திருக்கும்போதே, விரல் முட்டிகள் விண் விண்ணென்று தெறிக்கும். பார்த்தால் புது ரத்தம் கசியும். தினமும் அதே கதை. சர்க்கரை டெஸ்ட் எடுத்தார்கள், சர்க்கரை இல்லை. சிவசங்கர் ஒரு நாள் அவள் தலைமுடியை முகர்ந்துவிட்டு, "இன்னா, பெட்ரோல் பங்க்ல இருந்தா வர்ற? ஒரே டீசல் நாத்தம்" என்றான். அவள் தலைக்கு மறுபடி குளித்தாள்.

அடுத்த மழை பிடித்த வாரத்தில் கடைக்குப் போன் வந்தது.

"அக்கா, நிர்மலா பேசறேன். கம்ப்யூட்டர் இப்ப டக்குனு எழுந்திருக்குதுக்கா."

மணிமொழி எழுந்து கடைக்கு வெளியே வந்தாள். "அதை ஏன் ஆன் பண்ண? ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னேன்ல?"

"ஆஃப் ஆவலக்கா." நிர்மலாவின் குரலில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது. "ஆனா அவரு வரல. நீங்கதான் வர்றீங்க. பச்சைப் பொடவையில. ஷட்டரை அடிச்சிக்கினே இருக்கீங்க. அவரு அங்க எங்கயாவது இருக்காரான்னு தெனமும் உங்களைக் கேக்கறேன். நீங்க திரும்பவே மாட்டேங்கறீங்க. ஒரு வாட்டி திரும்பிச் சொல்லுங்கக்கா. அதுக்கோசரம்தான் ஆன் பண்றேன்."

ஆன் பண்ணாதே என்று சொல்லலாம். ஒரேயடியாக அழித்துவிடு என்றும் சொல்லலாம். அழித்தால் உள்ளே இருப்பவள் வெளியே வருவாளா, இல்லை வெளியே நிற்கும் இவளும் சேர்ந்து போவாளா? ஊர் ஊராகப் போய் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு வந்தவளுக்கு, அது தெரியவில்லை. முட்டிகள் தெறித்தன. ரத்தம் விரல் வழியே இறங்கிப் போனில் பட்டது.

"இப்பகூட ஆன்லதான் இருக்குது," என்றாள் நிர்மலா. போனில், தூரத்தில், யூபிஎஸ் பீப் என்றது. "பயப்படாதீங்கக்கா. ஜாஸ்தி நேரம் பாக்க மாட்டேன். அவரைப் பாத்துக்கின மாதிரியே உங்களையும் பாத்துக்குவேன். நேத்துலேர்ந்து இரும வேற ஆரம்பிச்சிட்டீங்க."

மணிமொழி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

இருமல்தான் வந்தது.