மிதவையின் நாக்கு

காலை 7.10. மலைப்பாதையின் செங்குத்து மேட்டுக்குக் கீழே, தலைகுப்புறக் கவிழ்ந்த நாலு சக்கர ஏ.டி.வி. வண்டிக்கு அடியில் நில அளவையாளர் கிடந்தார். முந்தின மாலையே உயிர் போயிருந்தது. டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. பிரேக்கில் குறையில்லை. ஏறும்போது இன்ஜின் அணைந்து, வண்டி பின்னால் உருண்டு குடைசாய்ந்திருக்கிறது.

விபத்துக்கு முதல் நாள்தான் மெக்கானிக் அதன் கார்புரேட்டரைச் சரிசெய்திருந்தார். ஊருக்கு அது போதும். எட்டு மணிக்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

8.30. இறந்தவரின் வீடு. முன்னறையில் அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பெண் காவல் ஆய்வாளர் குறிப்பெழுதக் குனியும்போதெல்லாம் அவருடைய கண்ணாடி மூக்கில் வழுக்கியது. அந்த அம்மாள் கைநீட்டி அதை வாங்கினார். மேசையிலிருந்து சின்னக் குறடு ஒன்றை எடுத்தார். ஒரு தாடை வெறும் இரும்பு, மற்றதில் வெள்ளை பிளாஸ்டிக் உறை. இரண்டே அழுத்தம். கண்ணாடி கச்சிதமாக உட்கார்ந்தது. துக்க வீட்டில் இப்படியொரு உபகாரம் வாங்கிக்கொண்டோமே என்று ஆய்வாளருக்குக் கூச்சமாகிவிட்டது.

"தினமும் எதுக்கு மலைக்குப் போவார்?"

"போன வருஷம் எங்க பொண்ணு அங்க பாறையிலேருந்து விழுந்து செத்துட்டா. சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்குப் போய் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இங்க வரைக்கும் கேக்கும்."

11.00. காவல் நிலையம்.

"என் கைதான் மேடம் கொன்னுடுச்சு. எழுதிக்கோங்க," என்றார் மெக்கானிக்.

"எழுதறது என் வேலை. என்ன செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"கார்புரேட்டர் கிண்ணத்துல ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் ஏறினா அதுவும் ஏறும். அதோட நாக்கு ஒரு ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வர்ற வழியை அடைச்சிடும். நாக்கு கொஞ்சம் கூடுதலா வளைஞ்சா சீக்கிரமே அடைச்சிடும். சமதரையில ஓடும். மேட்டுல அணைஞ்சிடும்."

"நாக்கை எதால வளைப்பீங்க?"

"ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு தள்ளு. குறடு பக்கமே போகமாட்டேன், வடு விழுந்துடும்."

"பக்கத்துல யார் இருந்தா?"

"அவர் வீட்டு அக்கா மட்டும்தான். விளக்கு பிடிச்சாங்க. இப்ப சொன்னதையேதான் அவங்ககிட்டயும் சொன்னேன்."

12.15. கிண்ணத்தைக் கழற்றினார்கள். மிதவையின் பித்தளை நாக்கு அளவுக்கு மீறி வளைந்திருந்தது. அதன் ஒரு பக்கம் ஆழமான வடு. மறுபக்கம் மழமழவென்று இருந்தது. மெக்கானிக்கின் பட்டறையிலிருந்த ஒவ்வொரு குறட்டையும் தகட்டில் அழுத்திப் பார்த்தார் ஆய்வாளர். எல்லாமே இரண்டு பக்கமும் தடம் பதித்தன. யோசித்தபடி பழக்கதோஷத்தில் கண்ணாடியைத் தள்ளிவிடக் கையை உயர்த்தினார். கண்ணாடி நழுவியிருக்கவில்லை. அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்புங்க," என்றார்.

மாலை 5.30. கண்ணாடிக் கடை. ஆய்வாளர் மேசைமேல் இருந்த குறட்டைக் கையில் எடுத்தார்.

"ஒரு பக்கம் மட்டும் வடு விழற குறடு இந்த ஊர்ல இது ஒண்ணுதான். நீங்கதாம்மா வளைச்சீங்க."

அந்த அம்மாள் மறுக்கவில்லை.

"வண்டி நிக்கணும்னுதான் மேடம். பாதி மேட்டுல நின்னா சலிச்சுப்போய் நடந்து வீட்டுக்கு வந்துடுவார்னு நெனச்சேன். செத்த பொண்ணை ஒரு வருஷமா தினமும் கூப்பிட்டா, பெத்தவ காது என்ன ஆகும்? ஒரே ஒரு சாயங்காலம் சத்தமில்லாம இருக்கணும்னு ஆசைப்பட்டேன்."

அவர் அழவில்லை. ஆய்வாளர் கையிலிருந்த குறட்டை மேசைமேல் வைத்தார். வாக்குமூலத் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது. ஜன்னலுக்கு வெளியே மலை இருண்டுகொண்டிருந்தது.

"உங்க முழுப் பேரைச் சொல்லுங்கம்மா."

அந்த அம்மாள் மலைப்பக்கம் தலையைத் திருப்பினார்.

"உங்களுக்குக் கேக்கலையா மேடம்? அவர்தான் கூப்பிட்டுட்டே இருக்காரே."