சாய்ந்து கிடந்த இருக்கை

"எங்கப்பா கடைசி விமானத்தை விட்டுட்டு முந்நூத்தம்பது கிலோமீட்டர் கார் ஓட்டிட்டு வந்திருக்கார், மேடம். ஒரு கண்ணு சரியாத் தெரியாத மனுஷன்!"

வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கொட்டித் தீர்த்தவர், கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளியின் முதலாளி. சுற்றுலா போன பெற்றோர் இரண்டு விமானம் மாறி வரவேண்டியவர்கள். முதல் விமானத்தோடு பயணத்தை நிறுத்தி, வாடகைக் கார் எடுத்து, நேற்று மாலை வாசலில் வந்து நின்றார்களாம்.

"கேட்டா, 'நல்லபடியா வந்து சேந்தோம்ல'ன்னு அப்பா சிரிக்கிறார். அம்மா வாயே திறக்கல. அவர் லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி லெட்டர் எழுதிட்டேன். இன்னிக்குக் குடுத்துடுவேன்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

கேட்டுக்கொண்டிருந்த துப்பறியும் அம்மையாருக்குத் தெருவில் 'நிதானம்' என்று பெயர். "அவர்தான் ஓட்டினார்னு எப்படிச் சொல்றீங்க?"

"அடுத்தவங்க ஓட்டினா அவருக்கு ஆகாது மேடம். நானே ஓட்டினாலும் பக்கத்துல உக்காந்து, பிரேக் இருக்கிற மாதிரி தரையை மிதிச்சிட்டே வருவார். கண்ணைக்கூட மூட மாட்டார்!"

"ஆள் கடத்தல்!" என்று துள்ளினார் நிதானத்தின் கணவர். உதவியாளர் பதவியைத் தாமாகவே எடுத்துக்கொண்டவர் அவர்.

"நீங்க முதல்ல செருப்பைப் போடுங்க," என்றார் நிதானம்.

கார் முதலாளி வீட்டு வாசலிலேயே நின்றது. ஸ்டியரிங்கின் உச்சியில் ஒரு துண்டு நீல டேப்.

"இது எங்க எதிர்த்த பள்ளிக்காரன் வேலை," என்று முகம் சுளித்தார் முதலாளி. "சக்கரம் நேரா இருக்கான்னு தெரிய டேப் ஒட்டச் சொல்லித் தருவான். இதை வாடகைக்கு எடுத்தவங்க யாராவது ஒட்டியிருப்பாங்க."

"ஓட்டுற சீட்டுல உக்காந்து பார்த்தீங்களா?"

"இல்ல. தொழில் பழக்கம், நேரா பக்கத்து சீட்டுலதான் ஏறினேன். அது படுக்கை மாதிரி சாஞ்சு கிடந்தது. அம்மா தூங்கியிருப்பாங்க. நிமிர்த்தி வெச்சேன்."

நிதானத்தின் கணவரும் முதலாளியின் அப்பாவைப் போலவே ஆறடி உயரம். ஓட்டுநர் இருக்கையில் நுழையப் பார்த்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்து, பாதியிலேயே மாட்டிக்கொண்டார். நிதானம் புன்னகைத்தார். "உங்க அப்பா அம்மாவைக் கூப்பிடுங்க."

அப்பாவும், அவர் தோள் உயரமே இருந்த அம்மாவும் வந்தார்கள். நிதானம் அம்மாவைப் பார்த்தார்.

"ஓட்டுற சீட்டை முன்னால இழுத்து, பின்னால பார்க்குற கண்ணாடியைக் கீழ சாய்ச்சு வெச்சிருக்கு. அப்போ ஓட்டினவங்க குள்ளம். பக்கத்து சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளியிருக்கு. அப்போ தூங்கினவர் நெட்டை. டேப் சொல்லிக் குடுத்தது எதிர்த்த பள்ளி. எத்தனை மாசமாம்மா அங்க போறீங்க?"

"நாலு மாசம். தையல் வகுப்புன்னு சொல்லிட்டுப் போனேன். லைசென்ஸும் வாங்கிட்டேன்," என்றார் அம்மா. மகனைப் பார்த்தார். "உன்கிட்டதான் முதல்ல கேட்டேன். உனக்கு வராதும்மான்னுட்ட."

"நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"அப்பா ஏன் ஓட்டினார்னுதானே கேட்ட? யார் ஓட்டினாங்கன்னு கேக்கவே இல்லையே."

"விமானத்துல இருந்து இவ கீழ அந்த ரோட்டைப் பார்த்தா," என்றார் அப்பா. "இதுல ஓட்டணும் போல இருக்குன்னா. டிக்கெட் போனாப் போகுதுன்னு இறங்கிட்டேன்."

மகன் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். "பயமா இல்லையாப்பா?"

"முதல் அரை மணி நேரம் தரையை மிதிச்சேன். அப்புறம் எனக்கென்ன தெரியும்? வீடு வந்ததும் இவதான் எழுப்பினா." பரிசு வாங்கியவர் போல நிமிர்ந்து நின்று சொன்னார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகனுக்கும்தான்.

வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். மகன் சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தார். அதற்குள் அப்பா அந்தப் பக்கமாக வந்து உள்ளே ஏறி, இருக்கையைச் சாய்த்துக்கொண்டார்.

"நீ பின்னாடி ஏறுப்பா," என்று கண்ணை மூடினார்.