இரண்டு சின்னது, ஒரு பெரிசு

வீட்டு மேஜை இழுப்பறையில் கிடந்த ஃப்யூஸ் எரிந்துபோயிருந்தது.

மேலாளர் அதை உறையிலிருந்து உள்ளங்கையில் கொட்டி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நகத்தளவு நீலப் பிளாஸ்டிக், தலையில் பதினைந்து என்ற எண், அடியில் இரண்டு தகரக் கால்கள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் தன் காரிலிருந்து அவரே பிடுங்கி, அலுவலக முகவரி அச்சிட்ட உறையில் போட்டு, விசிட்டிங் கார்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தது. அன்று உள்ளே இருந்த கம்பி முழுசாக இருந்தது. அது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்று கம்பி நடுவில் அறுந்து, இரண்டு முனையிலும் கரி பிடித்திருந்தது. உறையை முகர்ந்தார். கருகல் வாடை. அதற்கு அடியில், மெல்லிசாக, தைலம்.

மின்சாரமே பாயாமல் காகித உறைக்குள் தூங்குகிற ஃப்யூஸ் எப்படி எரியும் என்று வேறு யாராவது இருந்தால் ஒரு நிமிஷமாவது நின்று யோசித்திருப்பார்கள். மேலாளர் யோசிக்கவில்லை. யோசிப்பதெல்லாம் தனக்குக் கீழே இருப்பவர்களின் வேலை, கையெழுத்துப் போடுவது மட்டும் தன்னுடையது என்று முப்பது வருஷமாக இருந்து பழகியவர். எரிந்த ஃப்யூஸைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். நல்லதாகப் போயிற்று.

ஐந்து மணிக்குத் தங்கை காரைப் பார்க்க வருகிறாள். கார்களுக்கு வயரிங் பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் வேலை அவளுக்கு. உறவுக்காரர்கள் கேட்டால் "ஏதோ கம்பெனியில இருக்கா" என்று சொல்லி மேலாளர் பேச்சை மாற்றிவிடுவார். அவள் நகக்கண்ணில் இருக்கிற கறுப்பைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. அம்மா போன நாளிலிருந்து அந்தக் கறுப்பு நகக்காரி ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அழவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. போன் செய்தால் அது, நேரில் பார்த்தால் அது.

"அம்மா ஏன் ஹாரன் அடிக்கல?"

பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, காரில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, இடக்கையை ஸ்டீயரிங் வரைக்கும் நீட்டச் சொல்லி, தங்கைதான் பழக்கிவிட்டாள். "வாய் போனா என்னம்மா, ஹாரன் இருக்கில்ல. ரெண்டு சின்னது, ஒரு பெரிசு. நீ கூப்பிடறேன்னு நாங்க ஓடி வந்துடுவோம்." அம்மா கோணல் வாயால் சிரித்தபடி அன்று முழுக்க அடித்து அடித்துப் பார்த்தாள். அந்த விரல்களுக்குக் கதவின் கைப்பிடியை இழுக்கிற பலம் இல்லை. அழுத்துகிற பலம் இருந்தது.

இருந்ததுதான் மேலாளருக்கு வினையாகிப் போனது. தைலம் தேய்க்கிற வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிற வழியில் ஒரு நாள் அம்மாவைக் காரில் விட்டுவிட்டு அலுவலகத்துக்குள் போனவரை, கூட்டத்துக்கு நடுவில் குமாஸ்தா ஒருவன் எட்டிப் பார்த்து, "சார், உங்க வண்டி உங்களக் கூப்பிடுது" என்றான். மேஜை முழுக்கச் சிரித்தது. கீழே போனால் அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டுமாம். ஸ்டீயரிங்கைப் பற்றியிருந்த அம்மாவின் கையை, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். கட்டைவிரல்தான் கடைசிவரைக்கும் பிடிவாதம் பிடித்தது. "என்ன அசிங்கப்படுத்தாதம்மா" என்றார்.

அடுத்த தடவை தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வந்திருந்தார். மேலாளர் அன்று முன்ஜாக்கிரதையாக இருந்தார். கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் முன்பே ஒட்டியாகிவிட்டது, உள்ளே இருக்கிற கோணல் வாயை வருகிறவன் போகிறவன் பார்க்க வேண்டாம் என்று. முன்கண்ணாடிக்கு வெள்ளித் தடுப்பை விரித்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கமாக இருந்த மூடியைத் திறந்து, அதில் சொருகியிருந்த சின்னப் பிளாஸ்டிக் இடுக்கியால், ஹாரன் படம் போட்ட இடத்திலிருந்த நீல ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். தன் கையால் காரில் அவர் செய்த முதல் வேலை அது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அஞ்சு நிமிஷம்மா."

மேலே கேக் வெட்டினார்கள். பெரியவர் பழைய கதைகளைச் சொன்னார், மேலாளர் சரியான இடங்களில் சிரித்தார். ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் போனது. அதற்குள் மர நிழல் காரைவிட்டு நகர்ந்துபோயிருந்தது.

"தூக்கத்துலயே போயிட்டாங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். ஒருத்தியைத் தவிர.

இன்று காலை போனில் அவளிடம் நைசாக ஆழம் பார்த்தார்.

"ஒருவேளை ஹாரன் ஃப்யூஸ் போயிருக்குமோ?"

"இருக்கலாம். பாத்தா தெரிஞ்சிடும். போயிருந்தா உள்ள கம்பி அறுந்திருக்கும்."

"அந்த எடத்துல ஃப்யூஸே இல்லன்னா?"

"அது தானா எறங்கி நடந்து போகாதுண்ணா. காலியா இருந்தா யாரோ புடுங்கியிருக்காங்கன்னு அர்த்தம்."

"சும்மா கேட்டேன்."

"நீ கைய வெக்காத. வெச்சே ஆகணும்னா வண்டிய ஆஃப் பண்ணி சாவிய வெளிய எடுத்துடு. கதவத் தெறந்து வெச்சுக்கோ. அதே நம்பர் போடு, பெருசு போடாத. பெருசு போட்டா ஃப்யூஸ் பொழைக்கும், வயரு எரியும். புதுசும் எரிஞ்சா அதோட விட்டுடு. தப்பு வேற எடத்துல இருக்கு."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"உன்ன மாதிரி ஆளுங்க எரிச்ச வண்டியத்தான் தெனமும் பாக்கறேன்."

அதனால்தான் இழுப்பறைக்கு வந்தார், பிடுங்கியதைத் திரும்பச் சொருகிவிட. நல்ல ஃப்யூஸைவிட எரிந்த ஃப்யூஸ் ஆயிரம் மடங்கு மேல் என்று இப்போது புரிந்தது. அம்மா அடித்திருப்பாள், ஃப்யூஸ் போயிருக்கும், யார் மேலும் குற்றமில்லை. இயந்திரக் கோளாறு. கண்ணாடி முன் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "பாவம், அழுத்தி அழுத்திப் பாத்திருப்பாங்க போல." குரல் சரியான இடத்தில் உடைந்தது. திருப்தி. போனை மேலேயே வைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சோடு கீழே இறங்கினார்.

கார்கள் நிற்கிற கீழ்த்தளத்தில் பகலிலும் பகல் கிடையாது. இரண்டு டியூப்லைட்டில் ஒன்று விட்டு விட்டு எரிந்துகொண்டிருக்க, எங்கோ குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம், சொட்டுக்குச் சொட்டு, அவர் நடையோடு சேர்ந்து நடந்து வந்தது. சிமெண்டும் பழைய எண்ணெயும் கலந்த குளிர்ந்த வாடை. வாட்ச்மேன் நுழைவாயில் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஒன்றரை மாதத் தூசி படிந்து மூலையில் நின்றிருந்த காருக்குள் ஏறி, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார். திறந்து வைக்கச் சொன்னாள். வாட்ச்மேன் பார்க்கவா? வண்டியை இங்கே கொண்டுவந்து விட்டபோது மறுபடி விரித்த வெள்ளித் தடுப்பு முன்கண்ணாடியில் அப்படியே இருந்தது. சாவியை எடுக்கச் சொன்னாள். மேலாளர் சாவியைச் சொருகித் திருப்பி ஏசியைப் போட்டார். அவருக்கு வியர்த்தால் பிடிக்காது.

டிங். டிங். டிங்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி.

இருக்கையைப் பார்த்தார். ஒன்றுமில்லை. தலை சாய்கிற இடத்தில் எண்ணெய்க் கறை, அவ்வளவுதான். கண்ட கண்ட பொருளைப் போட்டு வண்டி செய்கிறான்கள் என்று கம்பெனிக்காரனைத் திட்டினார். மணி நிற்கவில்லை. வாட்ச்மேனுக்குக் கேட்டுவிடும் போலிருந்தது. எட்டி, அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்துக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினார். மணி நின்றது.

பெல்ட் இருக்கையில் படிந்து விழவில்லை. ஒரு சாண் மேலே, எதன் மேலோ சாய்ந்ததுபோல் வளைந்து நின்றது. பிறகு மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

மேலாளர் அதைப் பார்க்கவில்லை என்று முடிவு செய்தார். பிடிக்காத கோப்பை அலுவலகத்தில் எப்படிப் பார்க்காமல் இருப்பாரோ அப்படி. குனிந்து, முழங்கால் பக்கத்து மூடியைக் கழற்றி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வரிசையாக ஃப்யூஸ்கள். நடுவில் ஒரு பல் விழுந்த ஓட்டை. எரிந்ததை ஓட்டையில் வைத்து அழுத்தினார்.

டக்.

பீ. பீ.

பீ...ப்.

டார்ச் வாயிலிருந்து விழுந்து மிதியடிக்கு அடியில் உருண்டது. கம்பி அறுந்த ஃப்யூஸ். ஹாரன் அடிக்காது. அடிக்க முடியாது. ரெண்டு சின்னது, ஒரு பெரிசு. அவர் கை ஸ்டீயரிங் பக்கமே போகவில்லை. வாட்ச்மேன் எழுந்து வருவான், என்ன பதில் சொல்வது என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை.

ஏசி நின்றது. முன்பலகை விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்தன. சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை.

சூடு வந்தது. வெயில் எட்டிப் பார்க்காத கீழ்த்தளத்தில், நடுமத்தியானத் திடலில் நிறுத்திய காரின் சூடு. கூரைத் தகரம் மேலே டிக் டிக்கென்று விரிந்தது. இருக்கைத் துணி தொடையைச் சுட்டது. தொண்டை காய்ந்தது. புளித்த வியர்வை, நனைந்து காய்ந்த துண்டு, தைலம். தைலம். கதவைத் திறக்க வலக்கையை நீட்டினார். கை வரவில்லை. மடியில் கிடந்தது, வேறு யாருடைய கையையோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல். கூப்பிடப் பார்த்தார். நாக்கு வாய்க்குள் ஈரக் கட்டையாகப் புரண்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, எச்சில் ஒழுகியது.

இடக்கையைக் குறுக்கே கொண்டுபோய்க் கைப்பிடியைப் பற்றினார். விரல்கள் வழுக்கின. இழுக்கிற பலம் இல்லை.

வெளியே செருப்புச் சத்தம். கருவிப் பை குலுங்கியது.

"வண்டி இங்கதான் நிக்குது. ஆளக் காணோமே."

"சார் மேலதாம்மா இருப்பாரு. அவரு எறங்கி வந்தத நான் பாக்கல" என்றான் வாட்ச்மேன்.

தங்கை கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்து உள்ளே பார்த்தாள். முழ தூரம்கூட இல்லை. கறுப்பு நகங்கள் ஒவ்வொன்றும் மேலாளருக்குத் தெரிந்தன. அவளுக்குத் தெரிந்தது அவள் முகம்தான்.

"கறுப்பு ஃபிலிம் ஒட்டி வெச்சிருக்கார் பாருங்கண்ணே, பெரிய மந்திரி." கண்ணாடியைத் தட்டினாள். "ஹாரன் சத்தம் ஏதாவது கேட்டுதா உங்களுக்கு?"

"இல்லம்மா. மதியத்துலேருந்து இங்கதான் உக்காந்திருக்கேன்."

மேலாளர் இடக்கையால் ஹாரனை அழுத்தினார்.

ரெண்டு சின்னது.

ஒரு பெரிசு.

ரப்பர் அமுங்குகிற சத்தம்கூட வெளியே போகவில்லை. மறுபடி. மறுபடி. உள்ளங்கை எரிய எரிய.

"சரி, வருவாரு" என்றாள் தங்கை. "அஞ்சு நிமிஷம்தானே. மேல போய்த் தண்ணி குடிச்சுட்டு வரேன்."

செருப்புச் சத்தம் நகர்ந்தது. லிஃப்ட் கதவு திறந்தது. மூடியது. தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

மேலாளர் அழுத்திக்கொண்டே இருந்தார். ரெண்டு சின்னது. ஒரு பெரிசு.

பக்கத்து இருக்கையில் பெல்ட் கழன்றது. டக். பட்டை சுருண்டு மேலே ஓடியது. எதுவோ அவர் பக்கமாகச் சாய்ந்தது. இருக்கை கிறீச்சிட்டது. தைல வாடை காதருகே வந்தது.

ஸ்டீயரிங்கைப் பற்றியிருந்த அவர் கைமேல் காய்ந்த, கொதிக்கிற விரல்கள் படிந்தன. கோபமில்லாமல், அவசரமில்லாமல், அவர் சுண்டுவிரலைத் தூக்கிப் பிரித்தன. பிறகு மோதிரவிரல். நடுவிரல். ஆள்காட்டி.

கட்டைவிரல் மட்டும் பாக்கி இருந்தது.