ஆறாத அச்சு

நேற்று மாலை ஊற்றிய பிளாஸ்டர் இன்னும் ஆறவில்லை.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். அப்புறம் தரை மாதிரி குளிர்ந்துவிடும். சிற்பக்கலையில் முதுகலை இரண்டாம் வருஷம் படிக்கும் அவளுக்கு இது பாலபாடம். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை காலை, ஈர மண்ணும் சோப்புக் கரைசலும் மணக்கும் கல்லூரிப் பட்டறையில், மேஜைமேல் திருப்பிப் போட்டிருந்த அச்சின் மீது வைத்த உள்ளங்கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

அச்சு அவள் தம்பியுடையது. இறுதித் தேர்வுச் சிற்பத்துக்காக அவனை அசையாமல் படுக்கவைத்து, முகத்தையும் மார்பையும் அச்செடுத்து, அதற்குள்தான் நேற்று பிளாஸ்டர் ஊற்றியிருந்தாள். "மூக்கைக் கொஞ்சம் சரி பண்ணிடுக்கா, பொண்ணு வீட்டுக்குப் போட்டோவுக்குப் பதிலா இதையே அனுப்பிடலாம்" என்று சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

பக்கத்து மேஜையில் கம்பிக்கூடு கட்டிக்கொண்டிருந்த, எல்லோரும் 'தாடி' என்று கூப்பிடும் வகுப்புத் தோழன் வந்து தொட்டுப் பார்த்தான்.

"வெயில் பட்டிருக்கும்."

"இந்தப் பக்கம் ஏது வெயில்?"

டீ குடிக்கப் போவதாகச் சொல்லிப் போனவன் திரும்பி வரவில்லை.

உள்ளே இறுகிய உருவத்தை வெளியே எடுக்க, அவள் உளியை வைத்து அச்சின் மேலோட்டைத் தட்டத் தொடங்கினாள். சில்லுகள் உதிர்ந்தன. கழுத்தருகே வந்தபோது, சுத்தியலின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. தட்டுவதை நிறுத்தினாள்.

அது நிற்கவில்லை. மூக்கடைப்போடு யாரோ தூங்குவதுபோல். உள்ளேயிருந்து.

போன் அடித்தது. அம்மா.

"தம்பி எழுந்திருக்கவே மாட்டேங்கிறான்டி. உடம்பெல்லாம் சில்லுன்னு கிடக்கு."

"உலுக்கிப் பாரும்மா!"

"உலுக்கிட்டேன். கை மடங்கவே மாட்டேங்குது. கல்லு மாதிரி..."

"மூச்சு? மூச்சு வருதா?"

பதிலுக்கு அம்மாவின் அலறல்தான் வந்தது. போன் கையிலிருந்து நழுவியது.

ஓட்டின் விளிம்பில் உளியை நுழைத்தாள். நெம்பினாள். மார்புப் பகுதி முழுசாகக் கழன்று விழுந்து உடைந்தது.

வெள்ளை மார்பு. தம்பியின் மார்பு.

ஏறியது. இறங்கியது.

ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரிசல். தோளில். விலாவில். தொண்டையில்.

"மெதுவாடா... மெதுவா விடுடா..."

இரண்டு கைகளாலும் விரிசல்களை அழுத்திப் பிடித்தாள். விரலிடுக்கில் சூடான பொடி கொட்டியது.

அது இன்னும் ஆழமாக மூச்சை இழுத்தது.